மூன்று முறை ‘இறங்கு’

நகராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் ஏழு வருடமாக ஆபரேட்டராக இருந்தவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இயற்பெயரைச் சொல்லிக் கேட்டால், “அப்படி யாரும் இங்க இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிய மூக்கில்லை. கண்ணாடி போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்குகிற சின்ன மூக்குதான். ஆனால் நாலாயிரம் வீட்டுக் குளியலறைகளும் கழிவறைகளும் அந்த மூக்கை நம்பித்தான் நிம்மதியாக இருந்தன.

குழாயைத் திறந்துவிட்டு ஊர் மறந்துபோகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். முதலில் குப்பையைத் தடுக்கிற சல்லடைக் கம்பி, அடுத்துப் பதினெட்டு அடி ஆழமுள்ள பம்புக் கிணறு. அதன் அடியில் கிடக்கும் இரண்டு மோட்டார்கள் அழுக்குத் தண்ணீரை மேலே தூக்கிக் காற்றுத் தொட்டிக்கு அனுப்பும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் காற்றைக் குடித்துக்கொண்டு அழுக்கைத் தின்னும். அதன்பிறகு மண்டி படிகிற தொட்டி, குளோரின், கடைசியில் வாய்க்கால். கிருமிகள் சுகமாக இருந்தால் காற்றுத் தொட்டியில் நனைந்த மண்ணின் வாசனை வரும். அவற்றுக்குக் காற்றுப் போதவில்லையென்றால் வாடை புளிக்கும். தொட்டியில் வைத்த மீட்டர் சொல்வதற்கு அரை நாள் முன்னாலேயே மூக்கக்கா சொல்லிவிடுவாள். ஒருமுறை கேட்டருகே சைக்கிளை நிறுத்தும்போதே, “எவனோ பெயிண்ட் டப்பாவைச் சாக்கடையில கவுத்திருக்கான்” என்றாள். அன்று மத்தியானம் சல்லடைக் கம்பியில் நீலம் வந்து நின்றது. அதுவரை அவளைக் கண்டுகொள்ளாமல் இருந்த என்ஜினியர் அன்றிலிருந்து ‘வாங்க, போங்க’ என்று பேச ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவள் அவள். பாட்டு வராது, கணக்கு வராது, நாலு பேர் நடுவில் பேச வராது. அப்படிப்பட்டவளுக்கு ஊருக்குள் ஒரு மரியாதை கிடைத்தது என்றால் அது இந்த மூக்கால்தான். அதை அவள் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள்.

மூக்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் திரண்டு பம்பை அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஒருவர் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். இறங்குகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. நிலையத்தின் மெக்கானிக். எப்போதும் பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். கிணற்றில் தேங்குகிற விஷவாயுவை அளக்க ஒரு மீட்டர் இருந்தது. அதன் சென்சார் செத்து, இரண்டு வருடமாக மோட்டார் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று என்ஜினியர் முதல் வருடம் சொன்னார். இரண்டாவது வருடம், “நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்றார். அவளுக்கும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கிணற்றின் இரண்டு மூடிகளையும் திறப்பார்கள். ப்ளோயரைப் போட்டு அரை மணி நேரம் உள்ளே காற்றடிப்பார்கள். பிறகு அவள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, கிணற்று வாயில் முகத்தை வைத்து, சின்னச் சின்னதாக மூன்று மூச்சு இழுப்பாள். “இறங்கு” என்றால் தம்பி இறங்குவான். “இரு” என்றால் இருப்பான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருக்கும். எழுபத்தைந்து கிலோ ஆளைப் பதினெட்டு அடியிலிருந்து தூக்க அவளால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு தகரப் பலகை உண்டு. ‘வாடை திடீரென்று நின்றால் வெளியேறு’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பவள் அவள்தான். துடைக்கிற பலகையை யார் படிக்கிறார்கள்?

இப்படி இருக்கையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது காய்ச்சல் போயிருந்தது. கூடவே வாசனையும் போயிருந்தது. சோப்பை மோந்தாள், ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை சுற்றியபோது, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஜலதோஷம், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் இரண்டு வாரமானது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன், பஸ் கண்டக்டர். தெரியாமல் எப்படி இருக்கும்? தினமும் காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் காற்றுத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாளே.

“மண் வாசனை வருதா, புளிப்பு வருதா? சட்டுனு சொல்லுங்க.”

“பொண்ணு பாக்க வந்தப்போ இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலையேடி,” என்றார் அவர், கையிலிருந்த டீயைத் தள்ளி வைத்துவிட்டு. “டீயும் இதுவும் ஒரே கலர்ல இருக்கு. என்னிக்காவது மாத்திக் குடிக்கப் போறேன்.”

“விளையாடாதீங்க. மோந்து சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். “மண்ணுதான். ஆனா நான் எத்தனை நாளைக்கு உனக்கு மூக்கா இருக்க முடியும்? பேசாம என்ஜினியர்கிட்ட சொல்லிடு.”

“சொன்னா?”

“சொன்னா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?”

“வரி கட்டற கவுன்ட்டர்ல கொண்டுபோய் உக்கார வெச்சிருவாங்க. எனக்குக் கணக்கும் வராது, ஒண்ணும் வராது. அடுத்த மாசம் தலைமை ஆபரேட்டர் ஆர்டர் வரப்போகுது. அது கைக்கு வரட்டும். அதுக்குள்ள மூக்கும் வந்துரும்.”

கண்டக்டர் டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிணற்று வழக்கம் அவருக்குத் தெரியாது. அதை அவள் சொல்லவுமில்லை. தண்ணீர் ஜாடி வீட்டுக்கு வரும், கிணறு வருமா?

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே பம்பு அடைத்துக்கொண்டது. தம்பி மூடிகளைத் திறந்து, ப்ளோயரைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, “வாக்கா” என்று கூப்பிட்டான். அவள் படுத்தாள். மூன்று மூச்சு இழுத்தாள். கிணறு, வானம், சிமெண்டு எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இப்போதே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் என்ஜினியர் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வந்து நின்று, “இவங்கதான் நம்ம ஆளு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னும் அரை மணி காத்து விடு” என்றாள். விட்டான். மறுபடி படுத்து எழுந்தாள். கும்பிடாத தெய்வத்தையெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, “இறங்கு” என்றாள்.

அவன் கீழே இருந்த இருபது நிமிடமும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை. சினிமாப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு மேலே வந்தான்.

இரண்டாவது தடவை அவ்வளவு வேர்க்கவில்லை. மூன்றாவது தடவை அவள் சரியாகப் படுக்கக்கூட இல்லை, குனிந்து நிமிர்ந்து சொல்லிவிட்டாள். பொய் பழகிவிட்டால் அப்படித்தான். முதலில் வாசலில் நிற்க வைப்போம், அப்புறம் அதற்கும் ஒரு நாற்காலி போட்டு வீட்டில் உட்கார வைத்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அவனுடைய ஆறு வயது மகளுக்கும் இவளுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. குழந்தை எதையாவது எடுத்து வந்து நீட்டும், அத்தை கண்ணை மூடிக்கொண்டு மோந்து அது என்னவென்று சொல்ல வேண்டும். அத்தை தோற்றதே இல்லை. அன்று குழந்தை எதையோ மூக்குக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது. அவள் இமையை மயிரிழை அளவு திறந்து பார்த்தாள்.

“எலுமிச்சம்பழம்.”

“அத்தை கண்ணைத் திறந்துட்டா,” என்றது குழந்தை.

“திறக்கலடி தங்கம்.”

“திறந்த. நான் பாத்தேன்.”

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி சிரித்தாள். “அத்தைக்கு வயசாயிடுச்சு போல” என்றாள். தம்பியும் சிரித்தான். சிரித்துவிட்டு அக்காவின் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தான். அவள் எலுமிச்சம்பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

அடுத்த வாரம் புயல்காற்று அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தன. இரண்டு நாள் கரண்ட் இல்லை. நிலையத்து ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. பம்பு ஓடவில்லை. ஆனால் ஊர் குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்துமா? தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கிணறு நிரம்பி, குழாய்கள் நிரம்பி, வந்ததெல்லாம் காற்றில்லாமல் இருட்டில் கிடந்து அழுகியது. மூன்றாம் நாள் காலை கரண்ட் வந்தது. ஒரு பம்பு ஓடிக் கிணற்றைப் பாதி இறக்கியது. பிறகு அதுவும் அடைத்துக்கொண்டு உறுமியது. இன்னொன்று கிளம்பவே இல்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்தெரு வீடுகளில் குளியலறைத் துவாரம் வழியாகச் சாக்கடை மேலே வர ஆரம்பித்தது. பத்து மணிக்குப் பள்ளத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் ஒரு நர்ஸ். முழங்கால் வரை நனைந்திருந்தாள்.

“எங்க மாமியார் படுத்த படுக்கையா கிடக்கறாங்க. கட்டில் கால் மூழ்கிட்டு இருக்கு. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?”

என்ஜினியரின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் எடுத்து, “ஆச்சுங்க, இதோ இறங்கறாங்க” என்றார். தம்பி மூடிகளைத் திறந்துவிட்டான். ப்ளோயர் இருபது நிமிடம்தான் ஓடியிருந்தது. அவன் கயிற்றைக் கட்டி முடித்து அவள் கையில் மறுமுனையைக் கொடுத்தான்.

“சட்டுனு பாரு அக்கா.”

அவள் படுத்தாள். கீழே கறுத்த தண்ணீர், அதன்மேல் சோப்பு நுரை மாதிரி ஏதோ மினுங்கியது. மூன்று மூச்சு. ஒன்றுமில்லை. இன்னொரு மூச்சு. ஒன்றுமில்லை. இரண்டு நாள் தேங்கிய சாக்கடை என்று அவள் மூளைக்குத் தெரியும். ‘இறங்கு’ என்று சொல்லப் பார்த்தாள். மூன்று தடவை வந்த வார்த்தை நாலாவது தடவை வரவில்லை.

“இரு,” என்றாள்.

“என்ன வாடை வருது?” என்றார் என்ஜினியர். “அழுகின முட்டையா? எவ்வளவு? லேசாவா?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நர்ஸ் பார்த்தாள், தம்பி பார்த்தான்.

“எனக்குத் தெரியல,” என்றாள்.

“தெரியலன்னா?”

“எனக்கு வாசனையே தெரியல சார். காய்ச்சல்ல படுத்து எழுந்ததிலிருந்து எதுவுமே தெரியல.”

என்ஜினியருக்கு அது தலையில் ஏறவே இல்லை. “இப்ப விளையாடற நேரமாங்க இது?” என்றார். போன் மறுபடி அடித்தது. கேட்டருகே யாரோ, “நடிக்கறாங்கடி” என்றார்கள்.

தம்பியின் காது சிவந்திருந்தது. “சரி, விடு. நானே பாத்துக்கறேன்,” என்று மண்டியிட்டு, தலையைக் கிணற்றுக்குள் நீட்டினான்.

“யப்பா,” என்று முகத்தைச் சுளித்தான். “முட்டை வாடை இருக்கு. பலமா இருக்கு.”

“அப்ப வேண்டாம், எழுந்திரு.”

“இருக்கா, பாக்கறேன்.” மறுபடி இழுத்தான். இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்து இழுத்தான். பிறகு முகம் தெளிந்து நிமிர்ந்தான். “இல்ல, போயிடுச்சு. ப்ளோயர் வெளிய தள்ளிருச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. சுத்தமா வாடையே இல்ல.”

என்ஜினியர் நிம்மதியாக மூச்சு விட்டு, போனில், “இறங்கிட்டாங்க” என்றார். தம்பி திரும்பி உட்கார்ந்து இரும்புப் படியில் ஒரு காலை வைத்தான். இரண்டாவது காலையும் வைத்தான்.

ஒண்ணுமே இல்ல.

அவளுக்கு அந்த ‘ஒண்ணுமே இல்ல’ நன்றாகத் தெரியும். ஐந்து வாரமாக அதற்குள்தான் குடியிருக்கிறாள். தீய்ந்த பாலில் ஒண்ணுமே இல்ல, எலுமிச்சம்பழத்தில் ஒண்ணுமே இல்ல. இரண்டு நாள் அழுகிய கிணறு நாலு மூச்சில் வாடையில்லாமல் போகாது. கிணறு சுத்தமாகவில்லை. அந்த விஷவாயு பட்டு அவன் மூக்கும் அவளுடைய மூக்கைப் போல மரத்துவிட்டது. தினமும் துடைக்கிற பலகை அப்போதுதான் எழுத்து எழுத்தாகக் கண்முன்னால் வந்து நின்றது.

கயிற்றைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். “ஏறுடா, ஏறு, மேல வா” என்று கத்தினாள். அவன் அவளை எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. கண் எங்கேயோ போனது. படியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மொத்தக் கனமும் காலரில் வந்து தொங்கியது.

அவள் தரையில் இழுபட்டுக் கிணற்று விளிம்புவரை போனாள். முழங்கை சிமெண்டில் உரிந்தது. சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அப்புறம் நடந்தது வரிசையாக ஞாபகமில்லை. நர்ஸ் கேட்டைத் தாண்டி ஓடிவந்து அவன் தலைமுடியைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தார்கள். “மூச்சு விடாம இழுங்க, யாரும் குனியாதீங்க” என்று நர்ஸ் அதட்டினாள். என்ஜினியர் போனை எங்கேயோ எறிந்துவிட்டு அவன் அக்குளில் கையைக் கொடுத்தார். நெல்மூட்டையை இழுப்பதுபோல அவனை வெளியே இழுத்துப் போட்டு, காற்றோட்டமான புல்தரை வரை தரதரவென்று கொண்டுபோனார்கள்.

நர்ஸ் அவனைப் புரட்டிப் போட்டாள். கன்னத்தில் அடித்தாள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மூக்கக்கா மனசுக்குள் தையல் மெஷினும் அதன் பக்கத்தில் ஒரு குழந்தையும் மட்டும் இருந்தன. பிறகு அவன் இருமினான். வாந்தி எடுத்தான். தண்ணீர் கேட்டான்.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, யாரும் திட்டவுமில்லை. தம்பிக்குக் கண் நிலைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நிலைத்ததும் அவளைத்தான் பார்த்தான்.

“காய்ச்சல் எப்ப வந்தது உனக்கு?”

அவள் சொன்னாள்.

அவன் விரல் விட்டு எண்ணினான். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். “அதுக்கப்புறம் மூணு தடவை இறங்கியிருக்கேன்.”

“ஆமா.”

“மூணு தடவையும் படுத்து மோந்துட்டுத்தானே ‘இறங்கு’ன்ன?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ போனப்புறமும் பாப்பா சொன்னா,” என்றான் அவன். “நீ கண்ணைத் திறந்துட்டேன்னு. நான்தான் அவளை, அத்தையை அப்படிச் சொல்லக்கூடாதுன்னு அதட்டினேன்.”

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆக்ஸிஜன் வைத்து, இன்று முழுக்க இங்கேயே இருக்க வேண்டும், இரண்டு வாரம் வேலைப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். என்ஜினியர் பக்கத்து ஊர் நிலையத்துக்குத் தானே வண்டியை ஓட்டிப் போய் வாயு மீட்டரும், முகமூடி போட்டு இறங்கத் தெரிந்த இரண்டு ஆட்களும் கடன் வாங்கி வந்தார். மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டதும் அது போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. பம்பு ஓடச் சாயங்காலமானது. அதுவரை பள்ளத்தெரு சாக்கடையில்தான் நின்றது. நர்ஸின் மாமியாரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் ஒருவரும் கேட்டுக்கு வந்து கத்தவில்லை.

மறுநாள் மூக்கக்கா தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். வாசனை தெரியாது, மூன்று தடவை தெரியாமலே சொல்லியிருக்கிறேன் என்று. என்ஜினியர் அதைப் படித்துவிட்டு ஆணியில் தொங்கிய பழைய மீட்டரைப் பார்த்தார். “நான் எழுத வேண்டியது இதைவிடப் பெரிசு” என்றார். அவர் எழுதினாரோ இல்லையோ, பத்தே நாளில் புது மீட்டர் வந்தது. தலைமை ஆபரேட்டர் ஆர்டர் வரவில்லை. வரிக் கவுன்ட்டருக்கும் அவளை அனுப்பவில்லை. சல்லடைக் கம்பியில் சேர்வதை வாரிப் போடுகிற வேலைக்கு அனுப்பினார்கள். “உங்களுக்கு வாடை தெரியாதே, ஒரு வகையில வசதிதான்” என்றான் அலுவலகத்து ஆள் ஒருவன். அவள் அதையும் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் தம்பி வேலைக்குத் திரும்பினான். இடையில் இரண்டு தடவை அவள் அவன் வீட்டுக்குப் போனாள். குழந்தை ஓடிவந்து மடியில் ஏறியது. தம்பி மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. தம்பி, “வா” என்றான், “சாப்டியா” என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரமே பம்பு அடைத்துக்கொண்டது. மூடிகளைத் திறந்தார்கள். ப்ளோயர் முழுதாக ஒரு மணி நேரம் ஓடியது. என்ஜினியர் புது மீட்டரை இறக்கி, மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் நிறுத்தி எண்ணை உரக்கப் படித்தார். மூன்று தடவையும் பூஜ்யம்தான். புதிதாக வாங்கிய முகமூடி தம்பியின் கழுத்தில் தொங்கியது. அவள் சல்லடையை விட்டு வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை.

தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டினான். பழக்க தோஷம், மறுமுனையைப் பிடித்தபடி அவளிருந்த பக்கம் இரண்டடி வந்தான். வந்தவன் நின்றான். பிறகு திரும்பிப் போய் அதை இரும்புத் தூணில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். இன்னொரு முடிச்சும் போட்டான்.

“பூஜ்யம். இறங்கலாம்,” என்றார் என்ஜினியர்.

அவன் படியில் காலை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருடமாக அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கியவன். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் முகமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

அவள் தூணருகே போய், கட்டியிருந்த கயிற்றின்மேல் கையை வைத்தாள். அவன் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அது லேசாக அசைந்தது. அவன் மேலே வருகிறவரை கையை எடுக்கவில்லை.